பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம் முன்னால்

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி சிங்கப்பூரில் ஐபோன் 15 விற்பனைக்கு வந்தது. மலேசியக் கடைகளுக்கு அது வந்த நாள் செப்டம்பர் 29. அதற்கு முந்திய ஆண்டும் அப்படித்தான்: ஐபோன் 14 அங்கே 16ஆம் தேதி, இங்கே 23ஆம் தேதி. ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் காஸ்வே பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் புதுக் கைப்பேசிக்கு ஏழு நாள் ஆனது.

காத்திருக்க மனமில்லாத ஜே.பி.க்காரர்கள் பாலம் தாண்டிப் போய் வாங்கினார்கள். சிங்கப்பூர் விலையையே கொடுத்தார்கள். சுற்றுப்பயணிகளுக்கு ஜிஎஸ்டி வரியைத் திருப்பித் தரும் சலுகை விமானத்திலும் உல்லாசக் கப்பலிலும் போகிறவர்களுக்குத்தான், தரைவழி வீடு திரும்புகிறவர்களுக்கு இல்லை. 2024 ஜூன் 22 அன்று கோலாலம்பூர் டிஆர்எக்ஸ் வளாகத்தில் ஆப்பிள் தன் முதல் மலேசியக் கடையைத் திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று ஐபோன் 16 பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் கிடைத்தது.

ஓராண்டுக்குள் விமானங்களின் வேகம் கூடிவிடவில்லை. எந்த நாட்டுக்கு எந்த நாளில் சரக்கு என்று தலைமையகம் போட்ட அட்டவணைதான் மாறியது. தொழிற்சாலை வாசலிலிருந்து வாங்குகிறவர் கை வரைக்கும் ஒரு கைப்பேசி எடுக்கும் நேரத்தில், வானத்தில் கழியும் மணிகளைப் பெரிதாகக் குறைக்க முடியாது. மற்ற மணிகள் எல்லாம் தரையில் கழிகின்றன. அந்தத் தரை மணிகளைக் குறைத்த ஊர்களுக்குத்தான் தொழிற்சாலையும் வேலையும் போய்ச் சேருகின்றன. ஜொகூரில் விமான நிலையம் உள்ள நம் செனாய்க்கு இந்த விஷயம் நேரடியாகச் சொந்தம் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

விமானம் ஏறுவது ஏன்?

தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. சட்டை, டயர், மேசை நாற்காலி, குளிர்பதனப் பெட்டி என்று வீட்டில் உள்ளவற்றில் முக்கால்வாசி கப்பலில் வந்தவை. கைப்பேசி மட்டும் விமானம் ஏறுகிறது. விலை உயர்ந்த சின்னப் பொருள் என்பது காரணத்தில் பாதிதான். மீதிப் பாதி வட்டிக் கணக்கில் இருக்கிறது.

அட்டைப் பெட்டியோடு சேர்த்து ஓர் ஐபோனின் எடை ஏறக்குறைய 350 கிராம். கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு விமானச் சரக்குக் கட்டணம் சாதாரண காலங்களில் கிலோவுக்கு ஐந்தாறு அமெரிக்க டாலர். அப்படியானால் ஒரு போனுக்கு இரண்டு டாலர். கப்பலில் அனுப்பினால் செலவு அதில் சிறு பங்குதான். ஆனால் கடலில் ஒரு மாதம் போய்விடும். 800 டாலர் பெறுமானமுள்ள போன் ஒரு மாதம் கடலில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு எட்டு விழுக்காடு வட்டி என்றாலும் அந்த மாதத்துக்கு ஐந்து டாலருக்கு மேல் ஆகிறது. விமானக் கட்டணத்தைவிட வட்டி அதிகம். போதாததற்கு, வெளியான முதல் சில வாரங்களில்தான் புது மாடலுக்கு முழு விலையும் முழு ஆவலும் இருக்கும். விடியலில் பறித்த மல்லிகையை மாலைக்குள் விற்றாக வேண்டிய பூக்காரரின் அவசரம் இந்த வியாபாரத்திலும் உண்டு.

உலக வாணிபத்தின் மொத்த எடையில் விமானத்தில் போவது ஒரு விழுக்காடுகூட இல்லை. மதிப்பில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா கணக்குச் சொல்கிறது. அந்த மதிப்பைத் தூக்கி நிறுத்தும் பொருள்களில் கைப்பேசிக்கும் அதற்குள் இருக்கும் சிப்புகளுக்கும் முக்கிய இடம்.

இந்தக் கணக்கை முதலில் ஆயுதமாகவே பயன்படுத்தியவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1998ஆம் ஆண்டு, நீல நிறக் கண்ணாடி போன்ற ஐமேக் கணினி வந்த சமயம். ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்துக்காக 5 கோடி டாலர் செலவழித்து, கிடைத்த விமானச் சரக்கு இடத்தையெல்லாம் ஆப்பிள் முன்கூட்டியே வளைத்துப் போட்டது. பிறகு விழித்துக்கொண்ட காம்பேக் போன்ற போட்டியாளர்களுக்கு இடம் கிடைப்பது பெரும்பாடானது. விமானத்தில் இடம் பிடிப்பதும் பொருள் தயாரிப்பதைப் போலவே ஒரு தொழில்திறன் என்பதைக் கணினி உலகம் அன்று கற்றுக்கொண்டது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து 600 டன்

அந்தப் பாடத்தின் மிகப் பெரிய பரீட்சை 2025இல் தமிழ்நாட்டில் நடந்தது. அமெரிக்க அதிபர் டிரம்ப் இறக்குமதிகள் மீது வரி விதிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், சென்னையை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூரின் பாக்ஸ்கான் ஆலையில் செய்த ஐபோன்களைக் காலக்கெடுவுக்கு முன்பே அமெரிக்காவில் இறக்கிவிட ஆப்பிள் முடிவெடுத்தது. மார்ச் தொடங்கி ஏறக்குறைய ஆறு சரக்கு விமானங்கள், ஒவ்வொன்றும் 100 டன் கொள்ளளவு. மொத்தம் 600 டன், அதாவது 15 லட்சம் போன் வரை இருக்கலாம் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஏப்ரல் மாதம் வெளியிட்டது. ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையிலும் ஆலை ஓடியது. சீனப் பொருள்களுக்கு அமெரிக்க வரி 125 விழுக்காட்டுக்கு ஏறியது. இந்தியாவுக்கு அறிவித்த 26 விழுக்காடு சில நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏப்ரல் 11 அன்று கைப்பேசிகளுக்கே விலக்கு வந்தது. அதற்குள் விமானங்கள் போய்ச் சேர்ந்திருந்தன.

இந்தச் செய்தியில் உலகப் பத்திரிகைகள் 600 டன்னைத் தலைப்பாக்கின. என்னைக் கேட்டால் தலைப்பாக வேண்டியது வேறோர் எண். சென்னை விமான நிலையத்தில் சுங்கப் பரிசோதனைக்கு 30 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. இந்தச் சரக்குக்காகத் தனிப் பச்சை வழி ஒன்றை ஏற்படுத்தி அதை 6 மணி நேரமாகக் குறைத்தார்கள். தரையில் செய்த மாற்றம் 24 மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. ஒரு முழுநாளைக் குறைக்கும் அளவுக்கு எந்த விமானத்தாலும் வேகமாகப் பறக்க முடியாது.

சென்னை இதைச் சீனாவைப் பார்த்துச் செய்தது. ஹெனான் மாநிலத்தின் செங்சோ நகரில் 2010இல் வந்த பாக்ஸ்கான் ஆலைக்கு ஐபோன் நகரம் என்றே பேர். அங்கே சுங்க அலுவலகம் ஆலையின் வாசலையொட்டி இருக்கிறது. போன் ஆலையை விட்டு வெளியே வருவதும் ஏற்றுமதி ஆவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிகின்றன. லோரி நேரே விமான நிலையத்துக்குப் போகலாம். சாம்சுங் வியட்நாமில் பாக் நின், தை ங்குயென் இரண்டு மாநிலங்களிலும் தன் பெரிய ஆலைகளை வைத்தபோதும், ஹனோய் நோய்பாய் விமான நிலையம் பக்கத்தில் இருப்பது கணக்கில் இருந்தது.

தரையில் மிச்சமாகும் நேரத்துக்கு விலை கொடுப்பவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். 2021 டிசம்பரில் அவர்கள் தங்கியிருந்த விடுதிகளில் ஒன்றில் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலை மூடப்பட்டு அடுத்த மாதம்தான் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசின் சிப்காட் கட்டி முடித்து முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். அந்தச் சாலை மறியல் நடந்திராவிட்டால் இந்தக் கட்டடம் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஜொகூர் தமிழர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமில்லை. 1970களிலும் 80களிலும் நம் அக்காமார்களும் அத்தைமார்களும் ரப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து மின்னியல் ஆலைகளுக்குப் போனார்கள். விடியுமுன் தொழிற்சாலை பஸ், மூன்று ஷிப்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண் பதித்த எட்டு மணி நேரம். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களின் இன்றைய வாழ்க்கை அதன் தொடர்ச்சி.

பெட்டி, பேலட், வலை

ஆலையிலிருந்து கிளம்பும் போன், விமானக் கம்பெனியின் கைக்கு வரும்போது போனாக இல்லை. பல பெட்டிகள் ஓர் அட்டைப் பெட்டிக்குள். அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்ட அலுமினியத் தகடு. இந்தத் தகட்டைத் தொழிலில் பேலட் என்றே சொல்வார்கள். அகன்ற சரக்கு விமானத்துக்குரிய பேலட் 318 சென்டிமீட்டர் நீளம், 244 சென்டிமீட்டர் அகலம். மழைக்குப் பிளாஸ்டிக் போர்வை, அதன்மேல் இறுக்கிக் கட்டிய வலை. வெளிப்பெட்டியில் எந்த பிராண்டு என்று தெரியும்படி எதுவும் எழுதியிருக்காது. முத்திரை வைப்பார்கள், இடம் காட்டும் கருவியும் சில பேலட்டில் போகும். காரணம் இருக்கிறது. 2012 நவம்பரில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தின் சரக்குக் கட்டடத்திலிருந்து 15 லட்சம் டாலர் பெறுமானமுள்ள ஐபேட் மினிகள் களவு போயின. திருடர்கள் அங்கேயே இருந்த ஃபோர்க்லிஃப்டைப் பயன்படுத்தி லோரியில் ஏற்றினார்கள்.

விமானக் கட்டணத்தில் இரண்டு எடை உண்டு. தராசு காட்டும் எடை ஒன்று. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்துக் கிடைக்கும் எடை இன்னொன்று. எது கூடுதலோ அதற்குத்தான் பணம். பஞ்சும் பிளாஸ்டிக் பொம்மையும் இடத்தை அடைக்கும். அவற்றுக்கு இரண்டாவது கணக்கு. போன் நேர்மாறு: இடம் குறைவு, கனம் அதிகம். போன்களை மட்டும் ஏற்றினால் விமானத்தில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதே எடை வரம்பு வந்துவிடும். போயிங் 777 சரக்கு விமானத்தின் வரம்பு ஏறக்குறைய 100 டன். ஆகவே கைதேர்ந்த சரக்கு முகவர்கள் போன் பேலட்டுகளோடு துணி, காலணி போன்ற இலேசான சரக்கைக் கலந்து, எடையும் இடமும் ஒருசேர நிரம்பும்படி விற்பார்கள். அவர்களுடைய லாபம் அந்தக் கலவையில்தான் இருக்கிறது.

2020இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜர் காணாமல் போனது பலருக்கு ஆத்திரம் தந்தது. சுற்றுச்சூழலுக்காக என்றது கம்பெனி. அதே அறிவிப்பில் இன்னொரு தகவலும் இருந்தது: பெட்டி மெலிந்ததால் ஒரு பேலட்டில் 70 விழுக்காடு கூடுதலாக அடுக்கலாம். விமானச் சரக்குத் தொழிலில் இருப்பவர்கள் அந்த வரியைத்தான் முதலில் படித்திருப்பார்கள்.

100 டன் எடையோடு 777 ஒரே மூச்சில் ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் பறக்கும். சென்னையிலிருந்து அமெரிக்கா அதைவிடத் தூரம். வழியில் எரிபொருள் நிரப்பியாக வேண்டும். கிழக்காசியாவிலிருந்து போகும் சரக்கு விமானங்களுக்கு அலாஸ்காவின் ஆங்கரேஜ் அப்படியொரு நிறுத்தம். அங்கிருந்து மெம்பிஸில் ஃபெடெக்ஸ், லூயிவில்லில் யுபிஎஸ் ஆகியவற்றின் பிரிப்பு மையங்கள். இரவில் இறங்கிய பெட்டி காலையில் ஊர் ஊராகப் பிரிந்து போகிறது. எல்லாமே சரக்கு விமானத்தில் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உலக விமானச் சரக்கில் கணிசமான பங்கு பயணிகள் விமானத்தின் வயிற்றில் போகிறது. நீங்கள் விடுமுறைக்குப் போகும் விமானத்தில் உங்கள் காலுக்குக் கீழே சில ஆயிரம் போன்கள் இருக்கலாம்.

மங்குஸ்தானும் பேட்டரியும்

போனில் ஆபத்தான பாகம் பேட்டரி. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யுபிஎஸ்ஸின் போயிங் 747 சரக்கு விமானம், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் கொரியாவின் ஜெஜு தீவருகே ஏசியானாவின் சரக்கு விமானம் தீப்பிடித்துக் கடலில் விழுந்தது, அதிலும் இருவர். லித்தியம் தீ தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும்; ஒரு செல் சூடேறி வெடித்தால் பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும். விமானத்தின் தீயணைப்பு வாயுவால் அந்தச் சங்கிலியை முழுதாக அறுக்க முடியாது.

மலேசியர்களுக்கு இந்தப் பேச்சு வந்தாலே ஒரு விமானம் நினைவுக்கு வரும். 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு மறைந்த எம்எச்370 விமானத்தின் சரக்கறையில் பினாங்கிலிருந்து லோரியில் வந்த 221 கிலோ லித்தியம் பேட்டரியும், நம் மூவார் வட்டாரத்துத் தோட்டங்களின் மங்குஸ்தான் உள்ளிட்ட நான்கரை டன் பழமும் இருந்தன. பழச்சாறு பேட்டரியில் பட்டால் என்ன ஆகும் என்றுகூட விசாரணைக் குழு சோதித்துப் பார்த்தது; அதனால் ஆபத்து நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றது. 2018 ஜூலையில் வந்த இறுதி அறிக்கை விமானம் மறைந்ததற்கான காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று முடிந்தது. அந்தக் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. ஆதாரமில்லாமல் பேட்டரி மீது பழி போடுவது அவர்களுக்குச் செய்யும் நியாயமல்ல.

2016 ஏப்ரல் முதல் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரிகள் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் போகக்கூடாது. சரக்கு விமானத்திலும் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. போனுக்குள்ளேயே பொருத்திய பேட்டரிக்கு விதி சற்றுத் தளர்வு. அதே ஆண்டு சாம்சுங் கேலக்சி நோட் 7 தீப்பிடிக்கத் தொடங்கியது. ஆகஸ்டில் உலகம் முழுக்கப் பறந்து போன அந்தப் போனைத் திரும்பப் பெற, தீத்தாங்கும் பெட்டியும் கையுறையும் அனுப்பி, விமானத்தில் மட்டும் அனுப்பாதீர்கள் என்று கம்பெனி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே உப்பிய பழைய போனையோ பவர் பேங்கையோ உறவினருக்கு அனுப்பும் பார்சலில் துணிக்குள் சுற்றி, உள்ளே இருப்பது உடைதான் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தப் பார்சலும் ஏதோவொரு விமானத்தில்தான் ஏறும்.

செனாய் என்ன செய்யலாம்?

ஜொகூரில் போன் முழுதாகத் தயாராகும் பெரிய ஆலை இல்லை. ஆனால் மின்னியல் உலகச் சங்கிலியில் நமக்கு உறுதியான இடம் உண்டு. செனாயில் ஃப்ளெக்ஸ், மூவாரில் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ். 2021இல் கோவிட் தொற்றால் மூவார் ஆலையின் சில பகுதிகள் மூடப்பட்டபோது, கார் பாகங்கள் செய்யும் ஜெர்மனியின் போஷ் நிறுவனமே சிப் தட்டுப்பாட்டால் தவித்தது. கைப்பிடி அளவு சிப்பின் மதிப்பு அப்படி. அவையும் விமானத்தில்தான் போகின்றன.

எந்த விமானத்தில் என்பதுதான் கேள்வி. 1974இல் திறந்த செனாய் விமான நிலையத்தின் ஓடுபாதை 3,800 மீட்டர். 600 டன் ஐபோனை ஏற்றி அனுப்பிய சென்னையின் முதன்மை ஓடுபாதையைவிட இது நீளம். அகன்ற சரக்கு விமானம் எதுவும் இங்கே இறங்கலாம், ஏறலாம். இருந்தும் நம் தொழிற்சாலைகளின் உயர்மதிப்புச் சரக்கு லோரி ஏறி, இரண்டாவது இணைப்புப் பாலம் வழியாகவோ காஸ்வே வழியாகவோ சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குப் போகிறது. அல்லது வடக்கே 300 கிலோமீட்டர் தள்ளி, கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவுக்குப் போகிறது. சாங்கி 2024இல் கையாண்ட சரக்கு 19.9 லட்சம் டன். எந்த நேரத்திலும் எந்த ஊருக்கும் விமானம் கிடைக்கிற இடத்துக்குச் சரக்கு போவது இயல்பு. இதில் சாங்கியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதோடு போட்டி போட்டு நாளைக்கே செனாயில் சரக்கு விமானங்கள் வரிசைகட்டும் என்று கனவு காண்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. விமானக் கம்பெனி போக மட்டுமல்ல, வரவும் சரக்கு இருந்தால்தான் வரும். நம் கையில் இருப்பது தரை மணி நேரம். செனாயிலிருந்து சாங்கிக்கு நெரிசலில்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். நடுவில் இரண்டு நாட்டுச் சுங்கம், இரண்டு குடிநுழைவு, இரண்டு தொகுதிப் படிவம். தினமும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் எல்லையில் லோரி ஓட்டுநருக்குத் தன் இரவு எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லத் தெரியாது. விமானம் அவருக்காக நிற்காது. பிந்தினால் பேலட் அடுத்த விமானத்துக்கு. ஓட்டுநருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

2025 ஜனவரி 7 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான அன்வார் இப்ராஹிம், லாரன்ஸ் வோங் இருவர் முன்னிலையில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லையில் சரக்கு அனுமதியை மின்னிலக்கமாக்குவது அதன் தொடக்கப் பேச்சிலிருந்தே இருக்கிறது. பயணிகளுக்குக் கியூஆர் குறியீடு வந்தது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றும்படி ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் திட்டமிடப்பட்டது. நல்ல காரியங்கள். அந்த வேகம் லோரிக்கும் வர வேண்டும். ஆலை வாசலிலேயே சுங்கப் பரிசோதனை முடித்து, முத்திரை வைத்து, எல்லையில் முத்திரையை மட்டும் பார்த்து அனுப்பும் வழியைச் செங்சோ பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. சென்னை தன் பச்சை வழியைச் சில மாதத்தில் அமைத்துக் காட்டியது. அவற்றுக்கு முன்னால் ஓர் எல்லைக்கோடு இல்லை, நமக்கு உண்டு என்பது உண்மை. அதனால்தான் நமக்கு இது இன்னும் அவசரம்.

மாநில அரசுக்கும் மண்டலத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். செனாய்க் கிடங்கில் கிளம்பும் சரக்கு லோரி சாங்கிக் கிடங்கில் இறக்கி முடிக்கச் சராசரி எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு மாதமும் அளந்து பொதுமக்களுக்கு வெளியிடுங்கள். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்பதையும் அதே பட்டியலில் சேருங்கள். முப்பது என்று அளந்து பார்த்த பிறகுதான் சென்னை ஆறுக்கு வந்தது.